லேபிளில் உள்ள வாட்டைக் கூட்டினால் லோடு தெரிந்துவிடுமா?

கேள்வி இதுதான். 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணைந்து ‘விழும்’ சுவிட்ச்) போட்ட ஒரு சர்க்யூட். அதில் 2,000 வாட் அறை ஹீட்டர், 150 வாட் ஃபிரிட்ஜ், இரண்டும் சேர்ந்து 500 வாட் எடுக்கும் இரண்டு கணினிகள், 50 வாட் அளவுக்கு எல்.இ.டி. விளக்குகள், அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஒன்று. அரைக் குதிரைத்திறனை 373 வாட் என்று வைத்துக் கூட்டினால் 3,073 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 13.4 ஆம்பியர். 16-க்குள்தான் இருக்கிறது, ஆனாலும் எம்.சி.பி. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை விழுந்துவிடுகிறது. ஒயரைத் தாடையால் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கணினிகளின் ஒயரில் 2.0 ஆம்பியர் காட்டுகிறது. ப்ளக்கில் செருகும் வாட் மீட்டரோ 3.3 காட்டுகிறது. எதை நம்புவது? எம்.சி.பி.யை 20 அல்லது 25 ஆக மாற்றிவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றக் கூடாது. எம்.சி.பி. காவல் காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. அந்த ஒயரின் தடிமனுக்கு ஏற்பத்தான் 16 என்ற எண் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், இனி விழ வேண்டிய நேரத்தில் அது விழாது. ஒயரின் மேலுறை வெந்துகொண்டிருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது கூட்டலுக்கு வருவோம். ஹீட்டரில் சிக்கல் இல்லை. அது வெறும் மின்தடை. 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர், அளந்தாலும் ஏறக்குறைய அதுதான் வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: லேபிளில் உள்ள 2,000 என்பது 230 வோல்ட்டில்தான். மின்தடை மாறாததால் வாட் அளவு வோல்ட்டின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப மாறும். 240 வோல்ட் வந்தால் அதே ஹீட்டர் 2,178 வாட் எடுக்கும். 207 வோல்ட்டுக்கு இறங்கினால் 1,620 வாட்தான். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

மோட்டாரில்தான் கணக்கு முதலில் தவறுகிறது. 373 வாட் என்பது மோட்டாரின் தண்டு வெளியே தரும் வேலை. உள்ளே வாங்கும் மின்சாரம் அதைவிட அதிகம். இந்த அளவுள்ள சிங்கிள் ஃபேஸ் மோட்டார் வாங்குவதில் சுமார் 60 சதவீதத்தை வேலையாக மாற்றினாலே நல்லது. ஆகவே உள்ளே போவது ஏறத்தாழ 620 வாட். அதோடு முடியவில்லை. மோட்டாரின் சுருள்களில் காந்தப்புலத்தை எழுப்ப ஒரு பகுதி மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அது வாட்டில் சேராது. ஒயரில் மட்டும் ஓடும். பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு) 0.75 என்று வைத்துக்கொண்டால் 620-ஐ 230 × 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 3.6 ஆம்பியர். உங்கள் கூட்டலில் அது 1.6 ஆம்பியராகத்தான் இருந்தது. மோட்டாருக்கு வாட்டைத் தேடாமல், அதன் தகட்டிலேயே அச்சிட்டிருக்கும் ஆம்பியரை எடுத்துக்கொள்வதுதான் சரி.

கணினியின் கதை வேறு. அதன் பவர் சப்ளை முதலில் மாறுதிசை மின்னோட்டத்தை, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெபாசிட்டரில் நிரப்பிக்கொள்கிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் அலையின் உச்சி 325 வோல்ட். கெபாசிட்டர் ஏற்கெனவே ஏறக்குறைய அந்த அளவுக்கு நிரம்பியே இருப்பதால், அலை உச்சியைத் தொடும் அந்தச் சிறிய நேரத்தில் மட்டும் மின்னோட்டம் உள்ளே பாயும். மற்ற நேரம் ஒன்றும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை இப்படி வெட்டி வெட்டிப் பாய்கிறது. பவர் ஃபேக்டரைத் திருத்தும் பகுதி உள்ளே இல்லாத பவர் சப்ளைகளில் இது கூர்மையாகவே தெரியும்.

இதனால் ஒயருக்கு என்ன வந்தது என்பதை ஒரு சின்னக் கணக்கால் பார்த்துவிடலாம். 1 ஆம்பியர் இடைவிடாமல் ஓடுகிறது என்று வையுங்கள். அதற்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் 3 ஆம்பியர் ஓடி, மீதி நேரம் நின்றுவிடுகிறது. சராசரி இரண்டிலும் 1 ஆம்பியர்தான். ஆனால் ஒயர் சூடாவது மின்னோட்டத்தின் இருமடியால். 3-இன் இருமடி 9. அதில் மூன்றில் ஒரு பங்கு 3. அதே சராசரிக்கு மூன்று மடங்கு வெப்பம்! அந்த வெப்பத்தைத் தரக்கூடிய நிலையான மின்னோட்டம் 3-இன் வர்க்கமூலம், அதாவது 1.73 ஆம்பியர். இதைத்தான் ஆர்.எம்.எஸ். அளவு என்கிறோம். ஒயருக்கும் எம்.சி.பி.க்கும் தெரிந்தது இந்த அளவு மட்டுமே.

உங்கள் இரண்டு மீட்டர்கள் ஒத்துப்போகாததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. விலை குறைந்த கிளாம்ப் மீட்டர் பலவும் சராசரியைத்தான் அளக்கின்றன; அலை ஒழுங்கான சைன் அலையாகவே இருக்கும் என்று நம்பி, அதை 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. ஹீட்டரில் அது சரியாக வரும். கணினியின் கூர்மையான துடிப்புகளில் 40 சதவீதம் வரை குறைத்துக் காட்டிவிடும். உங்கள் 2.0, 3.3 இரண்டுக்கும் உள்ள தூரம் அப்படியே அதுதான். 2.0-ஐ 230-ஆல் பெருக்கினால் 460 வருகிறது, 500 வாட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். இந்த நெருக்கம்தான் ஏமாற்றுகிறது. ஒயரில் ஓடுவது 3.3. ப்ளக் மீட்டரை நம்புங்கள். அடுத்த முறை கிளாம்ப் வாங்கும்போது முகப்பில் ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்று ஃபேஸ் உள்ள கட்டடங்களில் இதே துடிப்புகள் இன்னொரு தொல்லையையும் கொண்டுவருகின்றன. ஒழுங்கான லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால் நியூட்ரலில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். துடிப்புகளுக்குள் மூன்று மடங்கு வேகத்தில், 150 ஹெர்ட்ஸில், ஆடும் பகுதி (மூன்றாம் ஹார்மோனிக்) அப்படி அழியாது. மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றுசேரும். நிறையக் கணினிகள் உள்ள இடத்தில் ஃபேஸ் ஒயரைவிட நியூட்ரல் அதிகமாகச் சுடுவதைக் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம், அளந்து பாருங்கள்.

சரி, இப்போது ஆம்பியரைக் கூட்டுவோம். ஹீட்டர் 8.7, மோட்டார் 3.6, கணினிகள் 3.3, ஃபிரிட்ஜ் 1.0, விளக்குகள் 0.4 (ஃபிரிட்ஜுக்குள்ளும் மோட்டார், எல்.இ.டி.க்குள்ளும் பவர் சப்ளை இருப்பதால் இவையும் வாட் கணக்கைவிட அதிகம்). மொத்தம் 17. ஆனால் இதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மோட்டாரின் மின்னோட்டம் அலையில் பின்தங்கி வருகிறது, கணினியினுடையது உச்சியில் மட்டும் வருகிறது, ஹீட்டரினுடையது அலையோடு ஒட்டியே போகிறது. உச்சிகள் ஒரே கணத்தில் சேராததால் மொத்தம் நேர்க் கூட்டலைவிடக் குறையும். நான் போட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ 15 ஆம்பியர் வருகிறது. ஆம்பியரை நேராகக் கூட்டினால் கிடைப்பது மேல் எல்லை; அதைத் தாண்டாது என்று தைரியமாக இருக்கலாம். வாட்டைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது கீழ் எல்லை. உண்மை இரண்டுக்கும் நடுவில். ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீட்டரை எம்.சி.பி.யிலிருந்து வெளியேறும் ஒயரில் மாட்டினால் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும்.

‘சரி, 15-தானே, 16-க்குள்தானே இருக்கிறது’ என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் எம்.சி.பி.யைப் புரிந்துகொள்ள வேண்டும். 16 என்பது அது விழும் அளவே இல்லை. எம்.சி.பி.க்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60898-இன்படி, 1.13 மடங்கில், அதாவது 18 ஆம்பியரில், ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக் கூடாது. 1.45 மடங்கில், 23.2 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளைந்து விசையைத் தட்டிவிட நேரம் எடுக்கிறது. ஷார்ட் சர்க்யூட்டுக்குத் தனியாக ஒரு காந்தச் சுருள் உண்டு. ‘பி’ வகையில் 3 முதல் 5 மடங்கிலும், ‘சி’ வகையில் 5 முதல் 10 மடங்கிலும் அது உடனே தட்டும். ஆக, எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும்தான். அந்தப் பட்டை 30 டிகிரி சூழலுக்கு அளவு வைக்கப்பட்டது. பெட்டிக்குள் வெக்கை ஏறினாலோ, எம்.சி.பி.யின் திருகு தளர்ந்து அந்த முனையே சூடானாலோ, பட்டை முன்கூட்டியே பாதி வளைந்து காத்திருக்கும்.

இதோடு மோட்டார் கிளம்பும் நேரத்தைச் சேருங்கள். நின்றிருக்கும் மோட்டார் ஓட்டம் பிடிக்கும்வரை, ஓடும்போது எடுப்பதைப்போல 5 முதல் 8 மடங்கு இழுக்கும். 6 மடங்கு என்றால் 21 ஆம்பியருக்கு மேல்; மற்றவற்றோடு சேர்ந்து 30-ஐத் தாண்டும். வழக்கமாக இது ஒரு விநாடிகூட நீடிக்காது, எம்.சி.பி. கண்டுகொள்ளாது. ஆனால் மோட்டாரின் திருகுவிசையும் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பத்தான். மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால், அல்லது மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர் வலுவிழந்திருந்தால், மோட்டார் முக்கி முனகிக் கிளம்பச் சில விநாடிகள் ஆகும். மற்ற லோடுகளால் ஏற்கெனவே சூடாகியிருக்கும் பட்டைக்கு அது போதும். எம்.சி.பி. எப்போதும் விழாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் விழுவதற்கு என் கணிப்பு இதுதான்: ஹீட்டர் வெகுநேரம் ஓடியபின் மோட்டார் கிளம்பும் நேரங்கள் அவை. விழும்போதெல்லாம் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்று குறித்துவையுங்கள். மீட்டரைவிட அந்தக் குறிப்பு அதிகம் சொல்லும்.

அளக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். கிளாம்ப் மீட்டரின் தாடைக்குள் ஒரே ஒரு ஒயர்தான் இருக்க வேண்டும். முதன்முதலில் கிளாம்ப் பிடிப்பவர்கள் ஹீட்டரின் முழுக் கேபிளையும் தாடைக்குள் விட்டு, 0.00 காட்டுகிறதே, மீட்டர் கெட்டுவிட்டதா என்று விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமம், எதிர்த்திசை. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இந்தப் ‘பிழை’யே ஒரு நல்ல சோதனையும்கூட. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தும் மீட்டர் பூஜ்ஜியம் காட்டவில்லை என்றால், எங்கோ மின்சாரம் கசிந்து எர்த் வழியாகப் போகிறது என்று பொருள். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், ஒயரைத் தாடையைச் சுற்றிப் பத்துச் சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மல்ட்டிமீட்டரைத் தொடராக இணைத்து வீட்டு மின்சாரத்தின் ஆம்பியரை அளக்க முயலாதீர்கள். அளந்து முடித்துவிட்டுச் சிவப்பு முனையை ஆம்பியர் துளையிலேயே மறந்து விட்டுவிட்டு, அடுத்ததாக ப்ளக் பாயின்ட்டில் வோல்ட் பார்க்க முனைகளைச் செருகினால், அது நேரடி ஷார்ட் சர்க்யூட். ஆம்பியர் துளைக்குப் பின்னால் இருக்கும் மின்தடை மிகமிகச் சிறியது. தரமான ஃபியூஸ் உள்ள மீட்டர் தப்பிக்கும். மலிவான மீட்டர் கையிலேயே வெடிக்கும். எம்.சி.பி. பெட்டியில் அளக்க ‘கேட் 3’ (CAT III) என்ற பாதுகாப்பு வகை குறித்த மீட்டரும் முனைகளும் வேண்டும். பெட்டியின் மூடியைத் திறந்து அளப்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

எதையும் திறக்காமல் அளக்க இன்னொரு வழி இருக்கிறது. பலர் பயன்படுத்துவதே இல்லை. மின் கணக்கு மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். 3,200 என்றிருந்தால், 1,125-ஐ இரண்டு மினுக்குகளுக்கு இடையே உள்ள விநாடிகளால் வகுத்தால் அந்த நேரத்து வாட். வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணாலும் விநாடியாலும் வகுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினிகளை மட்டும் ஓடவிடுங்கள்; பத்து இடைவெளிகளுக்கு 22.5 விநாடி ஆனால் 500 வாட். எல்லாம் அணைந்திருக்கும்போதும் விளக்கு மெதுவாக மினுக்கினால், ஸ்டாண்ட்பையில் எதுவோ இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த முறை வாட்டை மட்டும்தான் சொல்லும், ஆம்பியரைச் சொல்லாது.

12 வோல்ட் பேட்டரி இணைப்புகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 12 வோல்ட்டில் 100 வாட் என்றாலே 8.3 ஆம்பியர். நம் 2,000 வாட் ஹீட்டர் இழுக்கும் அளவு, ஏறக்குறைய! 1 வோல்ட் ஒயரில் தொலைந்தால் 230-இல் யாரும் கவனிக்க மாட்டார்கள். 12-இல் அது 8 சதவீதம். நேர்த்திசை மின்னோட்டத்தை அளக்க ஹால் விளைவில் இயங்கும் (மாறாத காந்தப்புலத்தையும் உணரக்கூடிய) கிளாம்ப் வேண்டும்; மாட்டுவதற்கு முன் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இனிமேல்தான் வருகிறது. லோடு அளப்பது என்றால் எல்லாரும் ஆம்பியரைத்தான் பார்க்கிறார்கள். லோடு ஏறும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. லோடு இல்லாமல் பார்த்த வோல்ட் எண் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 1 கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதனால்தான் எதிலும் இணைக்காத ஒயரில்கூடப் பக்கத்து ஒயரின் தூண்டலால் 80, 90 வோல்ட் என்று பேய்போல ஓர் எண் தெரியும். ஒரு பல்பை இணைத்ததும் மறைந்துவிடும். தளர்ந்த ஜாயின்ட்டும் அப்படித்தான். லோடு இல்லாதவரை 230 என்று சாதுவாக நிற்கும்.

ஒரு அலுவலக அறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கேயும் இதேபோல 2,000 வாட் ஹீட்டர். ப்ளக் பாயின்ட்டில் லோடு இல்லாமல் 231 வோல்ட். ஹீட்டரைப் போட்டதும் 220. ஹீட்டரின் மின்தடை 26.45 ஓம், 220 வோல்ட்டில் அது 8.3 ஆம்பியர் இழுக்கும். 11 வோல்ட் எங்கே போயிற்று? எம்.சி.பி. பெட்டியில் அதே நேரத்தில் பார்த்தபோது 231 இருந்தது 229 ஆகியிருந்தது. ஆக 2 வோல்ட் வெளியிலிருந்து வரும் இணைப்பிலேயே இறங்குகிறது, அது இயல்பு. பெட்டியிலிருந்து அந்தப் ப்ளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சுமார் 15 மீட்டர். கிலோமீட்டருக்கு 7.41 ஓம், போக, வர 30 மீட்டருக்கு 0.22 ஓம். அதில் 1.8 வோல்ட் இறங்கலாம். மீதி 7 வோல்ட்டுக்குக் கணக்கே இல்லை.

7 வோல்ட்டை 8.3 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: 58 வாட். 15 மீட்டர் ஒயரில் அந்த வெப்பம் பரவியிருந்தால் பரவாயில்லை. ஒரு தளர்ந்த ஜாயின்ட்டில் அது ஒரு பட்டாணி அளவு இடத்தில் குவிகிறது. ஈயம் உருக்கும் 60 வாட் சாலிடரிங் அயனைச் சுவருக்குள் வைத்து மூடியதற்குச் சமம். இங்கே எந்த எம்.சி.பி.யும் உதவாது, 8.3 ஆம்பியர் அதன் கண்ணுக்கு மிகச் சாதாரணமான லோடு.

மின்சாரத்தை அணைத்துவிட்டு, வழியில் இருந்த ப்ளக் பாயின்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இரண்டாவதில் கிடைத்தது. அதில் எந்தக் கருவியும் செருகியிருக்கவில்லை. ஒயர் அதன் நியூட்ரல் முனையைத் தொட்டு அடுத்த பாயின்ட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். திருகின் கீழே இருந்த செம்பு, செம்பு நிறத்தை இழந்து கருத்துப் போயிருந்தது. மேலுறை இரண்டு அங்குலத்துக்குப் பழுப்பாகி, நகத்தால் தட்டினால் முட்டை ஓடுபோல உதிர்ந்தது. திருப்புளியை வைத்துத் திருப்பினால் திருகு முக்கால் சுற்று எளிதாகச் சுற்றியது. சில நாட்களாக அந்தப் பக்கம் மீன் வாடை போல ஒன்று அடிக்கிறது என்று அறையில் இருந்த ஒருவர் அப்போதுதான் சொன்னார். வெந்த பிளாஸ்டிக் அந்த வாடைதான் அடிக்கும்.

உங்கள் சர்க்யூட்டிலும் இதையே முதலில் செய்யுங்கள். ஹீட்டரையும் மோட்டாரையும் ஒரே எம்.சி.பி.யில் வைத்திருப்பது எப்படியும் தவறு. இரண்டில் ஒன்றுக்குத் தனி ஒயர் இழுத்துத் தனி எம்.சி.பி. போடச் சொல்லுங்கள். அதுவரை இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ப்ளக் பாயின்ட்டிலும் லோடு இல்லாமல் ஒரு வோல்ட், ஹீட்டரைப் போட்டு ஒரு வோல்ட், அதே நேரத்தில் பெட்டியில் மின்பணியாளரை அளக்கச் சொல்லி ஒரு வோல்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெட்டிக்கும் ப்ளக்குக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டும் இடத்தை விட்டுவிடாதீர்கள். அந்த அலுவலகத்தில் கருகிய முனையை வெட்டி எறிந்து, புதிய ப்ளக் பாயின்ட் போட்டுத் திருகை இறுக்கியபின் ஹீட்டரை மீண்டும் போட்டோம். மீட்டர் 227-இல் நின்றது.